கூண்டுக்கு வெளியே நின்று எடுத்த படம்

"அவரை எதுக்கு ஜெயில்ல வச்சிருக்காங்க?"

திண்டிவனம் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து சென்னைக்குப் படிக்கப்போன ஒரு தம்பியிடம், அவனோடு முதலாம் ஆண்டு படிக்கும் பெண் கேட்ட கேள்வி இது. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

கலை, வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பும் இதழியலும் சேர்ந்த படிப்பில் இருக்கிறான் அவன். 'உங்கள் ஊரில் முக்கியமான இடம் எதுவோ, அதை ஒரே ஒரு படமாக எடுத்து வாருங்கள்' என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் கோயில் கோபுரம், ஏரிக்கரை ஆலமரம், வாரச் சந்தை என்று கொண்டுவந்தார்கள். இவன் கொண்டுபோனது காலனி முனையில் நிற்கும் அம்பேத்கர் சிலை. சுற்றிலும் இரும்புக் கூண்டு, கதவில் பூட்டு. படத்தில் கம்பிகள் துல்லியமாகத் தெரிகின்றன. உள்ளே இருக்கும் முகம் மங்கலாக இருக்கிறது.

அந்தப் பெண் கேட்டதற்கு அவன் பத்து நிமிடம் பதில் சொன்னானாம். எங்கெங்கோ சிலைகளின் தலையை உடைத்தது, விரலை உடைத்தது, செருப்பு மாலை போட்டது, அதனால் ஊர்கள் பற்றி எரிந்தது, அதன்பிறகு 'பாதுகாப்பு' என்ற பெயரில் கூண்டு வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அன்று இரவு எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, அவங்களுக்கு நிஜமாவே தெரியலண்ணா. நம்ம ஊர்ல மூக்கு ஒழுகுற பையனுக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம், அங்க ஒருத்தருக்கும் தெரியல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி சொன்னான்: "படத்தைப் பாத்ததுனாலதான் கேட்டாங்க. நான் வாயால சொல்ல ஆரம்பிச்சிருந்தா, இவன் எப்பவும் இதத்தான் பேசுவான்னு போயிருப்பாங்க."

அவன் கடைசியாகச் சொன்னதுதான் இந்த வாரம் இதை எழுத வைத்தது.

என்ன படிப்பு இது?

நம் பக்கத்தில் பிளஸ் 2 முடித்த பிள்ளையிடம் அடுத்து என்ன என்று கேட்டால் நர்சிங் என்பார்கள், பி.காம். என்பார்கள், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறேன் என்பார்கள். 'விஸ்காம்' என்று ஒருவன் சொன்னால் சினிமா பைத்தியம் என்று ஊர் முடிவுகட்டிவிடும். ஓவியக் கல்லூரி என்றால் அந்த மரியாதையும் கிடையாது. இந்தத் தம்பியின் அம்மா என்னிடமே கேட்டார்: "படம் வரையறதுக்கு இன்னாத்துக்கு சார் காலேஜு? நாலு வருஷம் படிச்சிட்டு வந்து போர்டு எழுதப் போறானா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தப் படிப்பு என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இதில் இரண்டு வழிகள் உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் மூன்றாண்டு விஸ்காம், இதழியல் படிப்புகள் ஒன்று. மதிப்பெண் பார்த்துச் சேர்ப்பார்கள். கவின்கலைக் கல்லூரிகளில் இருக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பு இன்னொன்று. அங்கே மதிப்பெண்ணோடு கையும் பேச வேண்டும், வரைந்து காட்ட வேண்டும். சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. எழும்பூர்க் கல்லூரியில் ஓவியம், சிற்பத்தோடு காட்சித் தொடர்பு வடிவமைப்புக்கென்றே ஒரு துறையும் உண்டு.

அந்தக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினா கடற்கரையில் கோவணத்தோடு நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்களே, அந்த உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து போய்ப் படித்த ஆதிமூலம், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த கோடுகளை ஜூனியர் விகடன் வாசகர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஆவடிப் பக்கத்துக் கார்லப்பாக்கத்திலிருந்து போன பா. இரஞ்சித்தும் அங்கே படித்தவர்தான். 'மெட்ராஸ்' படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சுவரும் அதில் வரையப்பட்ட ஒரு தலைவர் படமும்தான் முழுக் கதை. சுவரில் யார் முகம் இருப்பது என்பதற்காக உயிர்கள் போகும் என்பதைச் சேரியில் வளர்ந்து, ஓவியமும் படித்த ஒருவரால்தான் அப்படி எடுக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

வடிவமைப்புக் கல்லூரியில் தொடர்பியல் படிக்கும்போது முதலில் கையால் வரையப் பழகுவார்கள். பிறகு எழுத்தின் வடிவம், சுவரொட்டி, புத்தக அட்டை, பக்க அமைப்பு, கேமரா. இதழியலும் அதோடு சேரும் இடங்களில் செய்தி திரட்டுவது, ஆளைப் பேசவைப்பது, படக்குறிப்பு எழுதுவது, சட்டம் எதை அனுமதிக்கிறது எதைத் தடுக்கிறது என்பதெல்லாம் வரும். நான் தமிழில் முதுகலை படித்தவன். உவமையையும் உள்ளுறையையும் பிரித்துப் பிரித்துப் படித்தேன். ஒரு செய்தித்தாள் பக்கத்துக்கும் இலக்கணம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தெருவில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

மண்ணெண்ணெய் கேன்

சில ஆண்டுகளுக்கு முன்பு, மனைப்பட்டா கேட்டு ஒரு காலனிப் பெண்கள் கலெக்டர் அலுவலகத்துக்குத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வந்தார்கள். ஐந்து வாரம் தொடர்ந்து வந்தார்கள். நானும் உடன் போயிருந்தேன். கையெழுத்துப் போட்ட மனு, நில அளவை நகல், பழைய உத்தரவின் ஜெராக்ஸ் எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் கேமராக்காரர்கள் நின்றிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாவது வாரம் ஒரு பெண் மண்ணெண்ணெய் கேனோடு வந்தார். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன். கேனைத் திறந்த நொடியில் அத்தனை கேமராவும் ஓடிவந்தது. மறுநாள் படம் வந்தது. தலையில் எண்ணெய் வழிய, சேலை விலக, இரண்டு பெண் போலீசார் இழுத்துப் போகும் படம். கீழே 'கலெக்டர் அலுவலகத்தில் தீக்குளிக்க முயன்ற பெண்' என்று போட்டிருந்தார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை, பட்டா என்ற சொல்லே இல்லை. ஐந்து வாரம் அடுக்கி எடுத்துவந்த காகிதம் எந்தப் படத்திலும் இல்லை.

அந்தப் பெண்ணின் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளியில் பிள்ளைகள் அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்ததால் ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை.

இதில் படம் எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு இடத்துக்கு ஓடுகிறவர், பெட்ரோல் காசுகூடச் சரியாகக் கிடைக்காதவர். அவர் அனுப்பிய பத்துப் படத்தில் எது போகும் என்பதை முடிவுசெய்வது வேறொரு மேசை. அந்தப் படத்தில் எதை வெட்டுவது, எவ்வளவு பெரிதாகப் போடுவது, கீழே என்ன எழுதுவது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் நடக்கிறது. எங்கே நின்று எடுப்பது, எங்கே வெட்டுவது, கீழே என்ன எழுதுவது என்ற இந்த மூன்று முடிவில்தான் நம் ஆட்கள் மனுதாரர்களாகவோ தொல்லைக்காரர்களாகவோ ஆகிறார்கள்.

வீடுகள் எரிந்த ஊருக்குப் போகிற கேமரா பெரும்பாலும் போலீஸ் வண்டியோடு சேர்ந்துதான் உள்ளே நுழைகிறது. போலீஸ் நிற்கிற பக்கத்திலிருந்தே படம் எடுக்கிறது. அதனால் படத்தின் முன்பக்கத்தில் லத்தி, தூரத்தில் நம் ஜனம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டபோது ஒரு தரப்பின் வீடுகள்தான் எரிந்தன. ஆனாலும் இப்படிப்பட்ட சம்பவங்களுக்கு 'இரு தரப்பினர் மோதல்' என்ற தலைப்பு நம் ஊடகங்களில் எப்போதும் தயாராக இருக்கிறது. எரிந்த பீரோவுக்குள் கருகிக் கிடக்கும் பள்ளிச் சான்றிதழ் மோதலில் ஈடுபட்டதா என்று கேட்க அந்த மேசையில் ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் இருக்கிறாரா? 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் 'தி பயனியர்' ஆங்கில நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர் தலித் பத்திரிகையாளர் ஒருவரைப் பேட்டி காண வேண்டும், யாரையாவது சொல்லுங்கள் என்று கேட்கப்போய், உனியால் டெல்லியில் தேட ஆரம்பித்தார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தார், பலரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டன. செய்தி நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பு என்று பார்த்த 121 இடங்களில் 106 இடத்தில் உயர்சாதியினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரும் இல்லை.

எழுதுகிறவர்களைப் பற்றியாவது இப்படிக் கணக்கு எடுக்கிறார்கள். பக்கம் வடிவமைப்பவர், படம் தேர்ந்தெடுப்பவர், கேலிச்சித்திரம் வரைபவர் யார் என்று யாரும் கேட்பதே இல்லை.

யார் வரைந்த அம்பேத்கர்?

கேலிச்சித்திரம் என்றதும் 2012 நினைவுக்கு வருகிறது. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில், சங்கர் 1949-இல் வரைந்த ஒரு சித்திரம் இருந்தது. அரசியல் சட்டம் என்று எழுதிய நத்தைமேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். அந்த ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் இதை எழுப்பினார். சித்திரத்தை நீக்குவதாக அரசு அறிவித்தது. பாடநூல் ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினார்கள். 'கேலிச்சித்திரத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதவர்கள்' என்று அறிவாளிகள் நமக்குப் பாடம் எடுத்தார்கள்.

அதற்குச் சரியான பதில் கோஷத்திலிருந்து வரவில்லை, படிப்பிலிருந்து வந்தது. ஆந்திராவைச் சேர்ந்த உன்னமதி சியாம் சுந்தர் தானே கேலிச்சித்திரக்காரர். அவர் பழைய ஆங்கில நாளிதழ்களைப் புரட்டி, 1932 முதல் 1956 வரை அம்பேத்கரை வரைந்த நூற்றுக்கு மேற்பட்ட சித்திரங்களைத் திரட்டினார். 2019-இல் அது 'நோ லாஃபிங் மேட்டர்' என்று புத்தகமாக வந்தது. ஒவ்வொரு படத்தையும் அன்றைய அரசியலோடு வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் நகைச்சுவை என்று விட்டுவிடலாம். வரிசையாக நூறு படம் பார்க்கும்போது, காந்தியும் நேருவும் எவ்வளவு உயரமாக வரையப்பட்டார்கள், அம்பேத்கர் எவ்வளவு சின்னதாக வரையப்பட்டார் என்பதை யாரும் மறுக்க முடியாது. படத்தைப் படிக்கத் தெரிந்தவர் அதை அளந்து காட்டிவிட்டார். நாம் கலெக்டர் அலுவலக வாசலில் கத்தியும் புரியவைக்க முடியாத விஷயம் அது.

இந்தத் தொழில் நமக்குப் புதியது இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்று பெயர் வைத்துத் துணிந்து இதழ் நடத்தினார். வசவாகச் சொன்ன சொல்லை எடுத்து இதழின் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சடித்ததே ஒரு வடிவமைப்பு முடிவு என்று நான் சொல்வேன். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையையே பெயரில் வைத்துவிட்டார். அதற்கும் முன்னால் 1869-இலேயே 'சூரியோதயம்' வந்தது என்பதிலிருந்து தொடங்கித் தலித் இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலில் எழுதியிருக்கிறார். அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிப்பவர். இதழியல் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் வாங்க வேண்டிய புத்தகம் அது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் தொடங்கிய 'மூக்நாயக்' இதழுக்குக் கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். பெயரின் பொருள் ஊமைகளின் தலைவன். அம்பேத்கர் அப்போது அரசுக் கல்லூரிப் பேராசிரியர், அதனால் ஆசிரியராகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஃப்ளெக்ஸ் கடைப் படிப்பு

அந்தத் தம்பிக்குப் போட்டோஷாப் சொல்லிக்கொடுத்தது கல்லூரி இல்லை. பத்தாம் வகுப்பு விடுமுறையில் திண்டிவனம் ஃப்ளெக்ஸ் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். பேனருக்குக் கட்டை அடிப்பது, கயிறு கட்டுவது என்று ஆரம்பித்து, டிசைனர் சாப்பிடப் போகிற நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழகினான். பிளஸ் 2 முடிக்கும்போது காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எது வந்தாலும் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பான்.

எந்தச் சிறு நகரத்துக்கும் போய்ப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் கடைகளில் இரவு இரண்டு மணிக்குக் கண் சிவக்க உட்கார்ந்திருப்பவர்களில் நம் பையன்கள் நிறைய. அவர்களுடைய அண்ணன்களும் மாமன்களும் இதற்கு முன்பு சுவரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நூல் கயிற்றில் நீலப்பொடி தடவிச் சுவரில் கோடு அடித்து, அளவெடுக்காமலே ஆளுயர எழுத்தை ஒரே இழுப்பில் இழுத்தவர்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் தொழிலை முடித்துவிட்டது. அவர்களில் ஒருவர் இப்போது எங்கள் பக்கத்தில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். கை நடுங்காத அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

நம் ஜனத்துக்கு ஃப்ளெக்ஸ்தான் நாளிதழ். யார் பிறந்தார், யார் செத்தார், எந்தத் தலைவர் வருகிறார் என்பதெல்லாம் அதில்தான். அதனால்தான் ஒரு பேனர் கிழிந்தால் ஊரே பதறுகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், நம் தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நாம் அடிக்கிற பேனரை நாமே ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். அம்பேத்கருக்குப் பின்னால் சிங்கம், தலைவருக்குப் பின்னால் புலி, கீழே தபால் தலை அளவில் நாற்பது முகம். அதில் ஒரு பெண் முகம்கூட இல்லை. பாபாசாகேப் கையில் இருந்த புத்தகத்தை எடுத்துவிட்டுச் சினிமா கதாநாயகன்போல நடக்கவிட்டிருக்கிறோம். ஆதிக்க சாதிச் சங்கப் பேனரும் நம் பேனரும் நிறத்தில் மட்டும்தான் வேறுபடுகின்றன. கருவி கையில் இருக்கிறது, கண் இன்னும் அவர்களுடையதாகவே இருக்கிறது.

கல்லூரி என்ன தந்தது என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். "கடையில கஸ்டமர் 'சூப்பர்'னு சொன்னா முடிஞ்சுதுண்ணா. இங்க 'ஏன் இத வச்ச'ன்னு கேக்குறாங்க. பதில் சொல்ல முடியலன்னா எடுத்துடணும்" என்றான். சிங்கத்தை ஏன் வைத்தாய் என்று கேட்டபோது அவனிடம் பதில் இல்லையாம். மூன்று நாள் யோசித்தும் இல்லையாம்.

செலவு, அவமானம், வழி

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், நடைமுறை வேறு. இந்தப் படிப்பின் பெரிய பொய் 'கட்டணம் குறைவு' என்பது. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் காகிதம், வண்ணம், பிரிண்ட், லேப்டாப், கேமரா எல்லாம் மாணவன் தலையில். எங்கள் தம்பியின் வகுப்பில் சிலரிடம் கைக்கு இரண்டு லென்ஸ் இருக்கிறது. இவன் கூண்டுச் சிலையை எடுத்தது திரை கீறிய செல்போனில். கம்பி தெளிவாகவும் முகம் மங்கலாகவும் வந்ததற்கு அந்தப் போனும் ஒரு காரணம் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். ஆசிரியர் அதைக் கலை என்று நினைத்துவிட்டாராம்.

முதல் வாரமே 'எந்த ஏரியா?' என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் 'அங்க எந்தத் தெரு?' என்பார்கள். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கண்டுபிடித்த வழி. அப்புறம் ஆங்கிலம். வரைந்ததை விளக்கச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாதியில் ஊருக்குத் திரும்பிய இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் நன்றாக வரையக்கூடியவர்கள். ஒருத்தி இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். அவள் வரைந்த நோட்டு அவள் வீட்டு மச்சில் இருக்கிறது.

ஆகவே, சேரும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துப் பட்டப்படிப்பில் சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் மே மாதமே கையில் இருக்கட்டும். விடுதி இடத்துக்கு ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். வரைதல் தேர்வுக்குப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தினமும் வீட்டில் இருக்கும் குடத்தை, செருப்பை, தூங்குகிற தாத்தாவைப் பார்த்து வரையுங்கள். செல்போன் படத்தைப் பார்த்து வரையாதீர்கள்.

கேமரா இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். உத்தரப்பிரதேசத்துச் சித்ரகூட் பகுதியில் 2002-இல் பெரும்பாலும் தலித் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' என்ற செய்தித்தாளைத் தொடங்கினார்கள். தங்கள் பேச்சு வழக்கான புந்தேலியில் எழுதினார்கள். பிறகு செல்போனைக் கையில் எடுத்துக் காணொளிச் செய்திக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. நம் பக்கத்தில், மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன் மா. பழனிக்குமார். பொறியியல் படித்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தவர். திவ்யபாரதி 2017-இல் வெளியிட்ட 'கக்கூஸ்' படத்தின் ஒளிப்பதிவு அவருடையது. சாக்கடையில் இறந்தவர்களின் வீடு வீடாகப் போய், அந்த மனைவிகளையும் பிள்ளைகளையும் அவர்கள் கண்ணுக்கு நேராக நின்று எடுத்தார். இப்போது தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லித் தருகிறார்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. நான் போய்வந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் பலவற்றில் ஓவிய ஆசிரியரையே பார்த்ததில்லை. அது இருந்தால்தானே பிள்ளை கல்லூரியில் வரைந்து காட்டும்? மாவட்டத் தலைநகர விடுதிகளில் நான்கு கேமராவும் இரண்டு கம்ப்யூட்டரும் நூலகப் புத்தகம்போலக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகக் கிடைக்க வேண்டும். கவின்கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பு படிப்பவர்களுக்குச் செய்தி, சட்டம், நெறி எல்லாம் முழுப் பாடமாக வேண்டும். விளம்பரம் செய்யப் பழகினால் மட்டும் போதாது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டம் சொல்கிறது. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் தெருப் பலகையையும் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பது சேரியில் வளர்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஏப்ரல் 14-க்கு அந்தத் தம்பி ஊருக்கு வந்திருந்தான். அன்று ஒருநாள்தான் எங்கள் பக்கத்தில் பல கூண்டுகளின் பூட்டு திறக்கும். விடியற்காலையில், மாலை போடத் தலைவர்கள் வரும் முன்பே, காலனிப் பாட்டி ஒருவர் வாளியும் துணியுமாக உள்ளே போய்ச் சிலையைக் கழுவிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவர்தான் செய்கிறாராம். எனக்கே அது அன்றுதான் தெரியும். நான் எப்போதும் மாலையோடு வருகிறவர்கள் கூட்டத்தில் வந்து போய்க்கொண்டிருந்தவன்.

இவனும் கூண்டுக்குள் போனான். பாட்டி மேடைமேல் ஏறி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும்போது எடுத்தான். எடுத்துவிட்டுப் போனைக் காட்டி, "பாட்டி, இத எங்க காலேஜ் சுவத்துல ஒட்டுவாங்க. கீழ உங்க பேரப் போடட்டுமா?" என்று கேட்டான்.

"போடு. எங்க அப்பன் பேரையும் சேத்துப் போடு."

எழுத்துத் தப்பு வந்துவிடக் கூடாது என்று ரேஷன் கார்டைக் கேட்டான். பாட்டி சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அவன் எழுத ஆரம்பித்ததும் கார்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

"இதுல தப்பா அடிச்சி வச்சிருக்கானுவ. நான் சொல்றன், அத எழுது."